ஏழாம் நம்பரிலிருந்து ஒரு வரி

மணி பிற்பகல் இரண்டு நாற்பது. ஞாயிற்றுக்கிழமை. மண்டையைப் பிளக்கிற வெயில்.

பேய்க் கதை என்றால் நடுநிசியும் சுடுகாடும் வேண்டும் என்று முனகுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளலாம். இது பட்டப்பகலில் நடந்தது. அந்த விளக்கைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். ஜன்னல் பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்கார வேண்டாம், அது நம் நண்பன் ஒட்டடைக்குச்சியின் இடம். எப்படியும் வந்துவிடுவான். வருவதற்குள் சொல்லி முடிப்பது நல்லது, ஏனென்றால் இது அவனுடைய சித்திக்கு நேர்ந்தது. அவன் எதிரில் இந்தப் பேச்சை எடுத்தால் அவன் முகம் செத்துவிடும்.

அந்தச் சாலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் கிடங்குகள். இழுத்து மூடிய இரும்புக் கதவுகள். ஈ காக்கை இல்லை. தார் இளகி, செருப்பில் ஒட்டி, ஒவ்வொரு அடிக்கும் ச்சப்... ச்சப்... என்று பிரிகிறது. சித்தி வேலைக்குத் தனியாக நடந்து வருகிறாள். பாதிச் சாலையில் பின்னாலிருந்து இன்னொரு சத்தம். டக்... டக்... டக்... யாரோ ஒரு கம்பியைத் தரையில் ஊன்றி ஊன்றி நடப்பதுபோல. நின்றாள். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை, நாய் இல்லை. ஒரு கடையின் தகரப் பலகை மட்டும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. அதுதான் அடித்துக்கொண்டிருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள். காற்றே இல்லாத வெயிலில் பலகை ஏன் ஆடியது என்று அப்போது அவளுக்குத் தோன்றவில்லை.

சித்திக்கு அப்போது நாற்பத்தாறு வயது. ஒரு பெரிய கம்பெனியின் கம்ப்யூட்டர் சென்டரில் ஆபரேட்டர். கம்ப்யூட்டர் என்றதும் உங்கள் மடியில் வைத்துத் தட்டுகிற சமாசாரத்தை நினைக்காதீர்கள். இது மெயின்ஃபிரேம், அலமாரி அலமாரியாக வரிசையில் நிற்கும். அதற்குக் கொடுக்கிற வேலைக்கு ஜாப் என்று பெயர். அந்தக் கம்பெனிக்கு ஏழு இடங்களில் இப்படி மெஷின்கள். ஒவ்வொரு இடமும் ஒரு நோடு. ஒவ்வொரு நோடுக்கும் ஒரு நம்பர், ஒரு பெயர். எந்த நம்பருக்கு எந்தப் பெயர் என்ற பட்டியல் ஒவ்வொரு மெஷினிலும் இருக்கும். இங்கிருந்து ஒரு ஜாபை அங்கே அனுப்பி ஓட வைக்க வேண்டுமானால், அதன் முதல் வரியிலேயே எந்த நோடு என்று எழுதிவிட வேண்டும். பெயரை எழுதலாம், நம்பரை எழுதினாலும் போகும். சோம்பேறிகள் நம்பரை எழுதுவார்கள். அதாவது எல்லோரும்.

இது தெரிந்தால் போதும். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்கப் போவதில்லை.

ஒரு நோடிலிருந்து இன்னொரு நோடுக்கு ஆபரேட்டர்கள் ஒரு வரியில் செய்தியும் அனுப்பலாம். கன்சோல் என்கிற திரையில் அது பச்சையாக வந்து விழும். அனுப்பிய நோடின் பெயர் முன்னால், செய்தி பின்னால். ஏழாம் நம்பர் நோடில் ஓர் ஆபரேட்டர் இருந்தார். பதினாலு கிலோமீட்டர் தள்ளி, ஊரின் மறுகோடியில். அவருக்கும் சித்திக்கும் பதினோரு வருடப் பழக்கம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. ஜன்னலே இல்லாத அறையில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேர் என்ன பேசுவார்கள்? வெளியே வானம் எப்படி என்றுதான் பேசுவார்கள். வெயிலோ மழையோ குடை இல்லாமல் அவர் வேலைக்கு வந்ததே கிடையாதாம். சித்தி அவருக்கு வைத்த பெயர் குடைக்காரர்.

குடைக்காரரிடம் ஒரு வழக்கம். எந்த ஜாபை அனுப்பினாலும் முதலில் ஒரு வரி போடுவார்.

"இருக்கியாம்மா?"

சித்தி "இருக்கேன்" என்று அடித்த பிறகுதான் ஜாப் வரும். அடுத்த பக்கம் ஆள் இல்லாமல் ஜாபைத் தள்ளிவிட்டுப் போகிற ஆளில்லை அவர். எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில் அடிப்பதுதான், இருந்தாலும் அந்த வரியைப் படித்தால் குரலே கேட்கும் என்பாள் சித்தி.

யார் அங்கே காலை ஆட்டிக்கொண்டே இருப்பது? நிறுத்து. கட்டிலே ஆடுகிறது.

நாலு வருடத்துக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை, குடைக்காரர் ஒரு தப்பு செய்தார். மூன்றாம் நம்பருக்குப் போக வேண்டிய ஜாபைச் சித்தியின் நோடுக்கு அனுப்பிவிட்டார். அது இங்கே ஓடி, இருந்ததையெல்லாம் கலைத்துப் போட்டு, விடிய விடிய சித்திதான் சரிசெய்தாள். மேனேஜர் எல்லோர் எதிரிலும் அவளை நன்றாக வாங்கிவிட்டார். சித்திக்கு மூக்கு நுனியில் கோபம். "கண்ணை எங்க வச்சிருந்தீங்க?" என்று அடித்தாள். "வயசாயிடுச்சும்மா, மன்னிச்சுக்கோ" என்று வந்தது. அதற்கு அவள் பதில் போடவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் நாலு மணி மூன்று நிமிடம். திரையில் வந்தது.

"இருக்கியாம்மா?"

சித்தி பார்த்தாள். கண்ணால் பார்த்தாள், படித்தாள். கொஞ்சம் காத்திருக்கட்டுமே, அப்போதுதான் புத்தி வரும் என்று நினைத்தாள். எழுந்து டீ குடிக்கப் போனாள். டீக்கடையில் யாரோ தெரிந்தவர்கள், பேச்சு வளர்ந்தது. திரும்பி வந்தபோது மணி நாலு இருபது. அந்த வரிக்குக் கீழே இன்னும் மூன்று வரிகள்.

நாலு ஆறு: "மணி அடிக்குது."

நாலு ஏழு: "கதவு திறக்கலை. யாருக்காவது சொல்லும்மா."

நாலு பன்னிரண்டு: "இருக்கியாம்மா?"

அது என்ன மணி என்று சொல்லிவிட வேண்டும். மெஷின் அறையில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்ற முடியாது. அதனால் ஏழு இடத்திலும் ஒரே ஏற்பாடு. புகை வாடை பட்டதும் மணி அடிக்கும். இரும்புக் கதவு தானாக மூடிக்கொள்ளும். கூரையிலிருந்து ஒரு வாயு இறங்கும். அது நெருப்பின் மூச்சை நிறுத்தும். உள்ளே ஆள் இருந்தால் ஆளின் மூச்சையும் நிறுத்தும். அதற்காகத்தான் கதவின் உள்பக்கம் ஒரு கைப்பிடி, திருகினால் திறக்க வேண்டும். அந்த அறைகளுக்குள் கைப்போனுக்கு அனுமதியும் இல்லை, வாசலில் பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் யாராக இருந்தாலும் உள்ளே போக வேண்டும். குடைக்காரரிடம் இருந்தது அந்தக் கன்சோல் ஒன்றுதான். ஞாயிறு என்பதால் அதன் மறுமுனையில் இருந்தது சித்தி ஒருத்திதான்.

கைப்பிடி சுற்றியதாம், கதவு திறக்கவில்லையாம். குடையால் கதவை இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். குடையின் இரும்பு நுனி வளைந்திருந்தது என்று விசாரணை அறிக்கையில் எழுதியிருந்தார்கள். அவர் முகத்தைச் சித்தி முதன்முதலில் பார்த்தது அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த அஞ்சலிப் படத்தில்தான்.

விசாரணையில் கேட்டபோது, "நான் சீட்ல இல்லைங்க" என்றாள். பொய் இல்லை. ஆனால் முதல் வரியைப் பார்த்துவிட்டுத்தான் எழுந்து போனாள் என்பதை ஒருவரிடமும் சொல்லவில்லை. வீட்டில்கூட.

ஏழாம் நம்பர் நோடை மூடிவிட்டார்கள். மூடினால் பட்டியலிலிருந்து அதன் பெயரை அழிக்க வேண்டும், அது சித்தியின் வேலை. நாலு வருடமாக அவள் அழிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏழாவது வரிசைக்கு வருவாள், கை ஓடாது, வெளியே வந்துவிடுவாள்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். மூடிய இடத்துக்குப் பதிலாக ஊரின் வேறொரு பக்கம் புது சென்டர் திறக்கப் போகிறார்கள். அன்றைக்கு முதல் சோதனை. சித்தி இங்கிருந்து ஒரு சின்ன ஜாபை அனுப்ப வேண்டும், அது அங்கே ஓடிவிட்டுத் திரும்பி வர வேண்டும், அவ்வளவுதான். அங்கே கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவன் யார் தெரியுமா? சித்தியின் சொந்தத் தம்பி. அவள் தூக்கி வளர்த்த பிள்ளை. அப்பா போன பிறகு அவனைப் படிக்க வைத்து, இந்த வேலையில் சேர்த்துவிட்டதும் அவள்தான். அந்த வருடம்தான் அவனுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்திருந்தது.

புது சென்டருக்கு எட்டாம் நம்பர் வேண்டும் என்று சித்தி கேட்டிருந்தாள். மேனேஜர் சிக்கனத்துக்குப் பேர்போன ஆள். "எட்டுக்கு அனுமதி வாங்கணும்னா மூணு மாசம் இழுத்தடிப்பாங்க. ஏழு சும்மாதானே கிடக்கு? அதையே எடுத்துக்கோ. பேரை மட்டும் மாத்திக்கோ," என்றார்.

பழைய நம்பர், புதுப் பெயர். பட்டியலில் ஏழாவது வரிசையில் பழைய பெயரை அழித்துப் புதியதை எழுதினால் முடிந்தது. சித்தி கன்சோலில் உட்கார்ந்தாள். குளிர்காற்று ஹ்ம்ம்ம் என்று ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறைக்குள் போய்விட்டால் பகலும் ஒன்றுதான் ராத்திரியும் ஒன்றுதான். ஏழாவது வரிசைக்கு வந்தாள். வழக்கம்போல் கை நின்றது.

பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம், நம்பர்தான் சரியாக இருக்கிறதே என்று முடிவு செய்தாள். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மட்டும் செய்கிற தப்பு இது. நம்பர் இப்போது புது சென்டருடையது. பெயர் செத்துப்போன நோடுடையது.

மேஜையில் இருந்த போன் அடித்தது. தம்பி. அங்கே வாட்ச்மேன் மேஜையிலிருந்து பேசினான்.

"அக்கா, வந்துட்டியா? சாப்பிட்டியா?"

"எல்லாம் ஆச்சு. நீ முதல்ல வேலையை முடி. அனுப்பலாமா?"

"அவசரப்படாதேக்கா. லைன் கேபிளை இன்னும் சொருகலை. மேல போய் ஒரு பத்து நிமிஷத்துல சொருகிட்டுக் கூப்பிடறேன். அதுவரைக்கும் எதையும் அனுப்பாதே, சும்மா வரிசையில நிக்கும்."

மூன்று ஐந்துக்குப் பேசினான். மூன்று இருபது வரை போன் வரவில்லை. இவனுக்கு எப்போதுமே பத்து நிமிஷம் என்றால் அரை மணி என்று சலித்துக்கொண்டே, சித்தி ஜாபின் முதல் வரியில் ஏழு என்று போட்டு அனுப்பினாள். லைன் இல்லையென்றால் அது வரிசையில் நிற்க வேண்டும். நிற்கவில்லை. போய்விட்டது. சொருகிவிட்டான் போலிருக்கிறது, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று நினைத்தாள்.

இரண்டு நிமிடம் இருக்கும். பின்னால் பிரின்டர் கடகடவென்று ஆரம்பித்தது. ஜாப் ஓடி முடிந்து வந்துவிட்டது. காகிதத்தைக் கிழித்து எடுத்தாள். லேசாக ஒரு வாடை... நனைந்த துணியை மடித்து வைத்தால் வருமே, நனைந்த குடையில் வருமே, அது. காகிதத்தை மூக்கருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். காகிதத்திலிருந்துதான் வந்தது. வெளியே மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

முதல் பக்கத்தில் எந்த நோடில் ஓடியது என்று இருக்கும். பழைய பெயர் இருந்தது. பட்டியலில் மாற்றவில்லையே, அப்படித்தான் காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. பக்கத்தில் ஓடிய நேரம் போட்டிருந்தது. நாலு பன்னிரண்டு.

சித்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று இருபத்தைந்து.

புது மெஷின், கடிகாரம் சரியாக வைத்திருக்க மாட்டார்கள் என்று வாய்விட்டே சொன்னாள். அந்த அறையில் கேட்க ஆள் இல்லை. அப்போது திரையில், பச்சையாக, பழைய பெயருக்குப் பின்னால் ஒரு வரி.

"இருக்கியாம்மா?"

தம்பி அவளை அக்கா என்பான், கோபம் வந்தால் மேடம் என்பான். அம்மா என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்த வரியை அவனிடம் அவள் சொன்னதும் இல்லை. யாரிடமுமே சொன்னதில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப்போயிற்று. நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். வெளியே போய்விட வேண்டும், வெயிலில் நிற்க வேண்டும், மனிதக் குரல் கேட்க வேண்டும். கதவுவரை போய்விட்டாள், கைப்பிடியில் கையும் வைத்துவிட்டாள். அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கும் இந்த வரியைப் பார்த்துவிட்டு, இதே கைப்பிடியைத் திருகித்தான் வெளியே போனாள்.

நின்றாள்... திரும்பி நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் எவ்வளவு கஷ்டப்பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். நாற்காலிக்கு வரும்போது இரண்டாவது வரி வந்திருந்தது.

"மணி அடிக்குது."

பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது.

"கதவு திறக்கலை."

சித்தி அந்தப் பழைய பெயரையே பார்த்தாள். செத்துப்போன நோடின் பெயர், செத்துப்போனவரின் வரிகள். பயத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள் பட்டியல் தெரிந்தது. ஏழாவது வரிசை. பெயர்தான் பழையது. நம்பர்... ஏழு என்பது இப்போது புது சென்டர். பெயரை மாற்றாதது அவள். ஏழாம் நம்பரிலிருந்து யார் என்ன அனுப்பினாலும் இங்கே பழைய பெயரில்தான் வந்து விழும்.

அங்கே உள்ளே இருப்பது தம்பி.

போனை எடுத்தாள். விரல் தடுமாறி இரண்டு தடவை தப்பாக அழுத்தினாள். மூன்றாவது தடவை அங்கே வாட்ச்மேன் எடுத்தார், சாவகாசமாக.

"யாருங்க?"

"அங்க மணி ஏதாவது அடிக்குதா?"

"ஆமாங்கம்மா, மேல ஏதோ அடிச்சிட்டே இருக்கு. சோதனை பண்றாங்கன்னு நெனச்சேன். உங்க தம்பிதானே..."

"சோதனை இல்லைங்க. அவன் உள்ள மாட்டிக்கிட்டான். ஓடுங்க. கடப்பாரை இருந்தா எடுத்துக்கிட்டு ஓடுங்க. கதவை வெளியிலேர்ந்து நெம்புங்க. போனை வைக்காதீங்க, அப்படியே போட்டுட்டு ஓடுங்க."

ரிசீவர் மேஜையில் விழுந்த சத்தம். செருப்புச் சத்தம் படியேறித் தேய்ந்தது. தூரத்தில் மணி... விடாமல்... அதற்கு அடியில் இன்னொரு சத்தம். இரும்பில் இரும்பு படுகிற சத்தம்.

டக்... டக்... டக்...

சாலையில் கேட்டாளே, அதே சத்தம்.

திரையில் நாலாவது வரி வந்தது. "இருக்கியாம்மா?"

சித்தி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் அடித்தாள். இருக்கேன். நாலு வருடம் கழித்து அடித்தாள். அடித்துவிட்டு, கண்ணீர் மூக்கில் இறங்குவதுகூடத் தெரியாமல், மறுபடி அடித்தாள். திறக்கறாங்க. வந்துட்டாங்க. இருக்கேன்.

போனில் அந்த டக் டக் நின்றது. கொஞ்ச நேரம் மணிச் சத்தம் மட்டும். பிறகு ஒரு பெரிய மடார். வாட்ச்மேன் யாரையோ கூப்பிடுகிற குரல். இருமல், வாட்ச்மேனின் இருமல். சித்தி காதைப் போனோடு வைத்து அழுத்தியதில் காது மடல் சிவந்து கன்றிப்போயிற்று. எவ்வளவு நேரமோ. மூச்சு வாங்க அவர் வந்து எடுத்தார்.

"இழுத்து வெளிய போட்டுட்டேம்மா. மூச்சு இருக்கு. ஆம்புலன்சுக்கு சொல்லணும், போனை வைங்க."

அன்று சாயந்திரம் ஆஸ்பத்திரியில் தம்பி கண் விழித்தான். தொண்டை கட்டிப்போயிருந்தது. அவன் மனைவி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, அழவும் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தாள். சித்தி அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

"உனக்கு எப்படிக்கா தெரிஞ்சுது?"

"நீதானேடா மெசேஜ் போட்டே. மணி அடிக்குது, கதவு திறக்கலைன்னு."

அவன் அவளை ஒரு மாதிரிப் பார்த்தான். "எதுல போடறது? கன்சோலே இன்னும் பெட்டியைப் பிரிக்கலை. மெஷினுக்கு இன்னும் கரன்ட்டே கொடுக்கலை."

"ஜாப் ஓடி வந்துதேடா. கேபிள் சொருகினேல்ல?"

தம்பி தலைமாட்டைக் காட்டினான். நர்ஸ் அவன் சட்டைப்பையில் இருந்ததையெல்லாம் ஒரு காகித உறையில் போட்டு வைத்திருந்தாள். சித்தி அதைக் கையில் கொட்டினாள். சாவி, சில்லறை, ஒரு பேனா. அதோடு விரல் நீளத்துக்கு ஒரு கேபிள் முனை. அதை மாட்டாமல் லைன் கேபிளைச் சொருக முடியாது. உறைகூடப் பிரிக்கப்படாமல் இருந்தது.

"மேல வேற கேபிள் வேலையை முடிச்சிட்டு, அதை மாட்டத்தான்க்கா உள்ள போனேன். போன உடனே மணி அடிச்சுது. கதவு மூடிக்கிச்சு. கைப்பிடி சும்மா சுத்துது. நான் தட்டக்கூட இல்லை, ரெண்டு நிமிஷத்துல கீழ விழுந்துட்டேன்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "ஆனா யாரோ தட்டிக்கிட்டே இருந்தாங்க. என் தலைக்கு மேல. உள்பக்கத்துலேர்ந்து."

சித்தி கையிலிருந்த கேபிள் முனையை உறையில் திரும்பப் போட்டாள்.

"அது பழைய இடத்துக் கதவுதான்க்கா. நல்ல கனமான கதவு, எதுக்கு வீணாக்கணும்னு உங்க மேனேஜர்தான் கழட்டிட்டு வந்து மாட்டச் சொன்னார். மேல பெயின்ட் அடிச்சிட்டாங்க. ஆனா உள்பக்கம் தடவினா குழி குழியா கையில தட்டுது."

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஒன்பது மணி. சென்டர் முழுக்க ஆட்கள். மேனேஜர் முகம் வெளுத்துப்போய் வாசலிலேயே நின்றார், சித்தியைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"ராத்திரியே அந்தக் கதவைக் கழட்டி, நாலா அறுத்துப் போடச் சொல்லிட்டேன். பழைய இரும்புக்காரன் லாரியில ஏத்திக்கிட்டுப் போயிட்டான். இனிமே அந்தக் கதவால யாருக்கும் எதுவும் ஆகாது."

சித்திக்கு அப்பாடா என்று இருந்தது. தம்பி பிழைத்தான். கதவும் ஒழிந்தது. இனி ஏழாவது வரிசையில் பழைய பெயரை அழித்துவிட்டால் எல்லாம் முடிந்தது. கன்சோலில் உட்கார்ந்தாள். இந்தத் தடவை கை நிற்கவில்லை. பெயரை அழித்தாள், உறுதி செய்யட்டுமா என்று மெஷின் கேட்டது. விசையில் விரலை வைத்தாள்.

திரையில் ஒரு வரி வந்தது.

"அவனுக்குத் திறந்தாச்சு. எனக்கு எப்போம்மா?"

கதவு அந்நேரம் நாலு துண்டாக லாரியில் போய்க்கொண்டிருந்தது. இனித் திறக்க அந்தக் கதவே இல்லை. சுற்றிலும் ஆட்கள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அழித்ததைத் திரும்ப எழுதினாள், பழைய பெயரை, ஏழாவது வரிசையில். பிறகு தெரிந்த ஒரே பதிலை அடித்தாள். இருக்கேன்.

புது சென்டருக்கு மூன்று மாதம் அலைந்து எட்டாம் நம்பரே வாங்கினார்கள். ஏழாவது வரிசை இன்றும் அப்படியேதான் இருக்கிறது. லைன் கிடையாது, மெஷின் கிடையாது. அதன்பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமைகூடச் சித்தி லீவு போடவில்லை. நாலு மணிக்கு முன்னால் கன்சோலில் உட்கார்ந்துவிடுவாள். நாலு மூன்றுக்கு ஒரு வரி வரும், அவள் ஒரு வார்த்தை அடிப்பாள். நாலு பன்னிரண்டுக்கு இன்னொன்று, இன்னொரு வார்த்தை. அதன்பிறகு எழுந்து வீட்டுக்குப் போவாள். டீ குடிப்பதையே விட்டுவிட்டாள்.

போன மாதம் அவள் ஓய்வு பெற்றாள். அந்த நாற்காலியை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டுமே. அதே சென்டரில் வேலைக்குச் சேர்ந்திருந்த அக்கா மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, எல்லாவற்றையும் சொன்னாள். "வேற ஒண்ணும் வேண்டாம்டா. கேட்டா இருக்கேன்னு சொல்லு. அந்த நேரத்துல மட்டும் எழுந்து போயிடாதே," என்றாள். நம் ஒட்டடைக்குச்சி முதலில் சிரித்தானாம். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டதாம்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. அவன் வேலை ஐந்து மணிக்கு முடியும். இப்போது பத்தரை ஆகிறது. அந்த நாற்காலி இன்னும் காலியாகவே இருக்கிறது.

என்னடா, காலை ஆட்டுவதை நிறுத்திவிட்டாய்?

"இல்ல... சாயந்திரம் அவன்கிட்டேர்ந்து ஒரு மெசேஜ் வந்துது."

"என்னன்னு?"

"இருக்கியான்னு."

"நீ என்ன பதில் போட்டே?"

"மேட்ச் பார்த்துக்கிட்டிருந்தேன். அப்புறம் போட்டுக்கலாம்னு..."

காட்டு அதை. நாலு மூன்றுக்கு வந்திருக்கிறது. அந்த அறைக்குள் கைப்போனுக்கு அனுமதி கிடையாது என்று இப்போதுதான் கேட்டீர்கள், அவன் போன் அந்நேரம் வாசல் பெட்டியில் பூட்டிக் கிடந்திருக்கும். கீழே இன்னும் மூன்று வரிகள் வந்திருக்கின்றன. நீ அதைத் திறந்தே பார்க்கவில்லை.